எட்டு மாடிக்கு மஞ்சள் வேண்டாம்

இந்தக் கட்டடத்துக் கடைக்காரர் சங்கத்தின் தலைவரும், என்னை மேடையேற்றி மாட்டிவிட்டவருமான கிருஷ்ணசாமி ஐயா அவர்களே, முன்வரிசையில் முறைக்காமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளையோடு முடிவெடுக்க வந்திருக்கும் தாய்மார்களே, இரண்டாம் மாடித் தையல் கடையில் எனக்கு வேலை கொடுத்த ஷாஹீன் அக்கா அவர்களே, அனைவருக்கும் என் நடுங்கும் வணக்கம்.

யாராவது உட்காரச் சொன்னால் உடனே உட்கார்ந்துவிடுவேன். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இந்த எட்டு மாடிக் கான்கிரீட் கட்டடத்தின் முகப்பைத் தகடடித்து மூடி, மஞ்சள் பூசி, பிரெஞ்சுக்காரர் காலத்து மாளிகைபோல் ஆக்கலாமா என்று இன்று கை தூக்கி முடிவு செய்யப் போகிறோம். வேண்டாம் என்று சொல்லவே வந்தேன்.

சாம்பல் நிறம் சாபமா? பூசாத சுவர் பாவமா? கான்கிரீட் வார்த்த பலகையின் மரவரிகள் சுவரில் அப்படியே பதிந்திருக்கின்றனவே, அந்த அழகுக்கு இன்னொரு சட்டை எதற்கு? முகப்பில் வரிசையாக நிற்கும் கான்கிரீட் தடுப்புகளைப் பாருங்கள். வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும் கறாரான காவல்காரர்கள் அவர்கள்.

போன மாதம் வாசலருகே ஒரு கதவளவு மஞ்சளை மாதிரிக்குப் பூசினார்கள். அன்று மாலையே சுற்றுலா வழிகாட்டி ராஜ்கமல் அண்ணன் ஒரு கூட்டத்தை அழைத்து வந்து, “இது கவர்னரு குதிரை கட்டுன செவுரு. முந்நூறு வருஷம் ஆச்சு” என்றார்.

“அண்ணே, பெயிண்டே இன்னும் காயல” என்றேன்.

“நீ சும்மா இரும்மா. வரலாறுன்னா கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.”

சாய்ந்து படம் எடுத்துக்கொண்ட அத்தனை பேரும் மஞ்சள் முதுகோடு போனார்கள்.

என்ன அண்ணே, பின்னாலிருந்து? “மஞ்சளடிச்சாதான் கூட்டம் வரும்” என்கிறீர்களா? வரும். படம் எடுக்கும், போகும். ரவிக்கைக்கு அளவு கொடுக்குமா?

இதோ, கரண்ட் போய்விட்டது. மைக்கும் போய்விட்டது. “சத்தமா பேசு சரிதா” என்கிறார் ஷாஹீன் அக்கா. பேசுகிறேன்.

மின்விசிறி நின்றுவிட்டது. இந்த நடைகூடத்தில் இத்தனை பேர் நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறீர்கள். நோட்டீசை மடித்து விசிறுபவர் யார்? முந்தானையால் முகம் துடைப்பவர் யார்? ஒருவருமில்லையே. ஏன்? அந்தத் தடுப்புகளின் நடுவே கடற்காற்று வருகிறது. தகடடித்தால் வருமா? தையல் மெஷினில் குனிந்திருக்கும் எங்கள் கழுத்தைத் தொடுமா?

காற்று வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள். கரண்ட் வருவதற்குள் தூக்குங்கள்.

அதோ தாய்மார்கள். அதோ கடைசி வரிசை. தலைவர் ஐயா, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறீர்களா? இல்லையா? தூக்கித்தான் இருக்கிறீர்களா? அப்படியானால் எண்ணி முடிக்கும்வரை இறக்கிவிடாதீர்கள் ஐயா.

கேட்ட காதுகளுக்கும் உயர்ந்த கைகளுக்கும் என் நன்றி. வணக்கம்.