அந்தக் கொஞ்ச நேரம்

மூத்த மருமகள்: நீ போய்ச் சொல்லிடு. தலைவலின்னு சொல்லு.

இளைய மருமகள்: தலைவலியா? உங்களுக்கா? காய்ச்சல்ல கிடந்தப்பவே எழுந்து உட்கார்ந்து அரை மணி நேரம் பிரார்த்தனை பண்ணினவங்க நீங்க. யாரு நம்புவாங்க அக்கா?

மூத்தவள்: அப்போ வயித்துவலின்னு சொல்லு. இந்த முனையைப் பிடி, போர்வை தரையில படுது.

இளையவள்: பிடிச்சுட்டேன்... இது காயவே இல்லையே! இதை மடிக்கவா அவசர அவசரமா மாடிக்கு ஓடி வந்தீங்க?

மூத்தவள்: காஞ்சிருக்கு.

இளையவள்: எங்கே, பிழிஞ்சு காட்டட்டுமா? ஒரு குடம் தண்ணி வரும்.

கணவர்: ஏய், எங்கே இருக்கே? எல்லாரும் வந்தாச்சு! நாற்காலி பத்தாம பக்கத்து வீட்டுல வாங்கிட்டு வந்திருக்கேன்!

மூத்தவள்: மாடியில இருக்கேங்க! இதோ... வர்றேன்!

கணவர்: சீக்கிரம் இறங்கி வா! அம்மாவைக்கூட சாய்ச்சு உட்கார வெச்சாச்சு. நீ வந்து பிரார்த்தனையை ஆரம்பிச்சாத்தானே!

இளையவள்: பாவம் பெரியத்தான், காலையிலேர்ந்து ஃபோனைக் கீழேயே வைக்கல. "என் பொண்டாட்டி இல்லேன்னா இன்னிக்கு எங்கம்மா இல்லை"ன்னு தெரு பூரா தமுக்கடிச்சிட்டாரு.

மூத்தவள்: அதான்டி... அதான் எனக்கு இறங்க முடியல.

இளையவள்: ஏன், வெட்கமா? புதுப்பொண்ணு மாதிரி கதவுக்குப் பின்னால நின்னு...

மூத்தவள்: விளையாடாதே.

இளையவள்: சரி, விளையாடல. மூஞ்சியே சரியில்லையே... என்ன ஆச்சு?

மூத்தவள்: காலையில அத்தைக்குப் பால் கொடுத்தேன்ல...

இளையவள்: கொடுத்தீங்க. புரையேறிடுச்சு. தூக்கி உட்கார வெச்சு முதுகுல தட்டினீங்க, மூச்சு வந்துடுச்சு. அதுக்கு நன்றி சொல்லத்தானே கீழே இத்தனை பேரு கூடியிருக்காங்க.

மூத்தவள்: உடனே தட்டல. நீ குளிக்கப் போயிட்டே. உனக்குத் தெரியாது.

இளையவள்: ...ம்.

மூத்தவள்: கண்ணு ரெண்டும் பிதுங்குது. உதடு நீலமாகுது. நான் டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு... அப்படியே நிக்கறேன்.

இளையவள்: அது பதட்டம் அக்கா. எனக்கெல்லாம் ஒரு எலியைப் பார்த்தாலே கையும் ஓடாது, காலும் ஓடாது.

மூத்தவள்: பதட்டமா இருந்தா நான் ஏன் இப்படி ஈரப் போர்வைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறேன்? மனசு அவ்வளவு அமைதியா இருந்துச்சுடி. உள்ளேர்ந்து ஒரு குரல், "அப்பாடா"ன்னுச்சு. என் குரல்தான்.

இளையவள்: மெதுவா பேசுங்க... கீழே கேட்கப் போகுது.

மூத்தவள்: அப்புறம் அவங்க கை... வாதத்துல விழுந்துபோன கை இல்லை, நல்லா இருக்குற கை... என்னைத் தேடி வந்துச்சு. அப்பதான் டம்ளரைப் போட்டுட்டு ஓடினேன்.

இளையவள்: ஓடினீங்கல்ல? தூக்கினீங்கல்ல? அதோட முடிஞ்சுது, விடுங்க.

மூத்தவள்: எங்கே முடிஞ்சுது? மூச்சு வந்ததும் அந்த ஒத்தைக் கையாலேயே என்னைக் கும்பிட்டாங்க. "நீதான்டி எனக்குத் தாய்"னு குழறிக் குழறிச் சொன்னாங்க. எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருந்துச்சு. கெட்டவங்களா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. எனக்குக் குழந்தை பொறந்தப்போ என்னைத் தரையில கால் வைக்க விட்டாங்களா அவங்க?

கணவர்: பாட்டுப் பாடுறவரும் வந்துட்டாரு! அவருக்கு இன்னொரு இடத்துக்கு வேற போகணுமாம்!

இளையவள்: வர்றாங்க பெரியத்தான்! துணி மடிச்சிட்டிருக்கோம்!

கணவர்: துணி எங்கேயும் ஓடிடாது! பாட்டுக்காரர் ஓடிடுவாரு!

இளையவள்: கேட்டீங்களா... சிரிக்கக் கூடாதா அக்கா?

மூத்தவள்: தினமும் நான் என்னன்னு வேண்டிக்கிறேன், சொல்லு.

இளையவள்: "எங்க அத்தைக்கு நீண்ட ஆயுசைக் கொடு, இழந்த பலத்தைத் திருப்பிக் கொடு"... எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

மூத்தவள்: குரல் எங்கே தழுதழுக்கணும், எங்கே நிறுத்தினா யாரு மூக்கை உறிஞ்சுவாங்க, எல்லாம் எனக்கு அத்துப்படி. உள்ளே வேற ஒண்ணு ஓடும். "இன்னும் எவ்வளவு காலம்? என் இடுப்பு ஒடியுது, எடுத்துக்கோயேன்"னு.

இளையவள்: யாருக்குத்தான் தோணாது? புரட்டிப் போடறதும் குளிப்பாட்டறதும் நீங்கதானே.

மூத்தவள்: தோணினதை விடு. அதைக் கடவுள்கிட்டயே மறைச்சேன் பாரு. அவர் முன்னாடியும் பவுடர் பூசிக்கிட்டுப் போய் நின்னேன்.

இளையவள்: அவருக்குத் தெரியாததா?

மூத்தவள்: அதான் உடம்பெல்லாம் கூசுது. எல்லாம் தெரிஞ்சவர்கிட்டயே நடிச்சிருக்கேன். அவரும் ஒரு வார்த்தை சொல்லாம கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. ஒரே ஒரு நாள் "சாமி, என்னால முடியல, இவங்களைப் பார்த்தாலே எரிச்சலா வருது"ன்னு சொல்லி அழுதிருந்தா... காலையில அந்த டம்ளரோட நின்னிருக்க மாட்டேனோ என்னவோ.

இளையவள்: சரி அக்கா, இன்னிக்கு மட்டும் சமாளிச்சிடுங்க. நன்றின்னு ரெண்டே வரி சொல்லிட்டு உட்கார்ந்துடுங்க. மத்ததை சாமிகிட்ட அப்புறமா தனியா சொல்லிக்கலாம்.

மூத்தவள்: ரெண்டே வரிதானே, நீ சொல்லேன்.

இளையவள்: நானா? ஐயோ, என்னை விடுங்க!

மூத்தவள்: ஏன் இப்படிப் பதறுறே?

இளையவள்: எனக்கு... கூட்டத்துல பேச வராது.

மூத்தவள்: உனக்கா? நீ பேரம் பேச ஆரம்பிச்சா கடைக்காரன் கடையை மூடிட்டுப் போறான். உனக்குப் பேச வராதா?

இளையவள்: அது வேற அக்கா... இது வேற.

மூத்தவள்: சரி, நானே வர்றேன். ஆனா நன்றி சொல்லப் போறதில்லை. நடந்ததைச் சொல்லப் போறேன்.

இளையவள்: யார்கிட்ட?

மூத்தவள்: கடவுள்கிட்ட. எல்லாரும் கேட்கற மாதிரி.

இளையவள்: பைத்தியமா உங்களுக்கு? பெரியத்தான் இடிஞ்சு போயிடுவாரு. நாளைக்குத் தெருவுல தலைகாட்ட முடியுமா நம்மளால?

மூத்தவள்: புகழ்ச்சியை மட்டும் கூட்டத்துக்கு நடுவுல வாங்கிக்கணும், இதை மூலையில போய்ச் சொல்லணுமா?

இளையவள்: அத்தை தாங்குவாங்களா? அதை யோசிச்சீங்களா?

மூத்தவள்: யோசிக்காம இருப்பேனா? தாங்க மாட்டாங்களோ என்னவோ. கண்ணைக்கூட என் பக்கம் திருப்ப மாட்டாங்களோ என்னவோ. ஆனா ஒரு பொய்யைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டு இருக்காங்களே... அதை என்னால தாங்க முடியலடி.

இளையவள்: அக்கா, ப்ளீஸ்...

கணவர்: இப்போ இறங்கறியா, நான் மேலே வரட்டுமா?

மூத்தவள்: வந்துட்டேங்க! ...போர்வையைக் கொடியில போடு. நட. நீ என் பக்கத்துல வந்து நில்லு, அது போதும்.

இளையவள்: இருங்க... ஒரு நிமிஷம் இருங்க அக்கா. என்னன்னு... எப்படிச் சொல்லப் போறீங்க?

மூத்தவள்: எப்படி என்ன? "அத்தைக்கு மூச்சு முட்டினப்போ நான் பார்த்துக்கிட்டு நின்னேன், சாமி"ன்னு.

இளையவள்: "நான்"னு சொல்லாதீங்க... "நாங்க"ன்னு சொல்லுங்க. அந்தக் கொஞ்ச நேரமும் நான் கதவுகிட்ட... உங்களுக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்தேன் அக்கா.