டி டிரைவுக்கு ஒன்றும் ஆகாது

மடிக்கணினி மெதுவாக ஓடினால் முதலில் ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பாதி நோய் அதிலேயே போய்விடும். இதைச் சொல்லியே, கணினி பழுது பார்க்கும் கடை வைத்து, கீரனூரில் பதினெட்டு வருடமாகப் பெரிய மனிதனாக இருக்கிறேன்.

மீதி நோய்க்கு ஃபார்மட், அதாவது உள்ளதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அதற்காக ஊருக்கே ஒரு பாடம் சொல்லி வைத்திருந்தேன்: “டிஸ்க்குல சி, டின்னு ரெண்டு பாகம் இருக்கு. முக்கியமானத டி டிரைவுல போடுங்க. சி-ய அழிச்சாலும் டி-க்கு ஒண்ணும் ஆகாது. பென் டிரைவெல்லாம் வைரஸ்.” ரம்யா இதை அப்படியே நம்பினாள்.

அவள் தினமும் திருச்சிக்குப் பஸ் ஏறி முனைவர் பட்டத்துக்குப் படித்த பெண். நான்கு வருடமாக எழுபது கிணறுகளின் தண்ணீரைச் சோதித்துப் பதிந்த அளவுகள் எல்லாம் அந்த டி-யில் மட்டுமே இருந்தன. ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று அவள் அப்பா ஆண்டிச்சாமி கெடு வைத்திருந்தார். ஏப்ரலில் கணினி மெதுவாகிவிட்டது என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் ஊர்ச் சங்கம் ஒன்று எனக்குக் ‘கணினிச் செம்மல்’ பட்டம் தருவதாக இருந்தது. நோட்டீசில் என் படத்தைச் செயலாளர் படத்துக்கு மேலே போடுவதா, பக்கத்தில் போடுவதா என்று போனில் வாதாடிக்கொண்டே விண்டோஸை மாற்றினேன். சி-யோடு டி-யையும் அழித்திருந்தது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. படம் மேலே வருவதாக முடிவாகியிருந்தது.

அழிந்ததை மீட்பவர் திருச்சியில் ஒருவர் இருக்கிறார், வெற்றிசெல்வன். முக்கால்வாசியாவது எடுத்துத் தந்திருப்பார். ஆனால் அவர் என்னிடம் தொழில் படித்தவர். விழாவில் என்னை வாழ்த்திப் பேச இருந்தவரும் அவரே.

ஆகவே அவளுடைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு, என் அலமாரியில் சாகக் கிடந்த ஒன்றை மாட்டி, அதில் விண்டோஸ் போட்டேன்.

மறுநாள் அவள் எதிரிலேயே கணினியைப் போட்டேன். திறக்கப் பத்து நிமிடம் ஆனது.

“முன்னவிட ஸ்லோவா இருக்கே சார். டி-யவும் காணோமே?”

நிதானமாகச் சோதிப்பதுபோல் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். டிஸ்க் திணறுவதற்கு அடையாளமாக நூறு சதவீதம் என்று சிவப்பாக நின்றது.

“புதுசா விண்டோஸ் போட்டும் இப்பிடின்னா டிஸ்க்குதாம்மா போயிருச்சு. உள்ள இருந்ததும் போச்சு. எங்கிட்டாச்சும் கீழ போட்டீங்களா?”

அவள் யோசித்தாள். “போன வாரம் பஸ்ல ஏறையில பை கம்பில இடிச்சுச்சு. அதனாலயா சார்?”

“இருக்கும்.”

“வெளிய யார்ட்டயாச்சும் குடுத்துப் பாக்கலாமா?”

“வீண் அலைச்சல்மா.”

“நீங்களே சொல்றீங்கன்னா சரிதான் சார்.” துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் பஸ் போன பிறகு, அவளுடைய டிஸ்கில் டிரில்லரால் மூன்று துளை போட்டேன். ஒன்று போதும். நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை.

கல்லூரியில் நம்பவில்லை, அளவுகளை எடுத்ததே பொய் என்றார்களாம். என்னிடம் கடிதம் கேட்டு வந்தாள். ‘கணினிச் செம்மல்’ என்று அச்சிட்ட கடையின் புதுக் கடிதத் தாளில், ‘மாணவியின் கவனக்குறைவால் பழுது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நன்றி சொன்னாள்.

ஆவணியில் கல்யாணம். ஆண்டிச்சாமி என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, “கழுத, நாலு வருசத்த ஒரு பஸ் கம்பில இடிச்சுட்டு வந்துருச்சுங்க. நீங்களும் எம்புட்டு மெனக்கெட்டீங்க” என்றார். மேடையில் அவள் மாப்பிள்ளையிடம் சொன்னாள்: “சார் எவ்வளவோ பாத்தாங்க. நாந்தான் ஒடச்சுட்டேன்.”

சாப்பிடாமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போக முடிவதில்லை. கம்பியைப் பிடித்து ஏறும் எந்தப் பெண்ணையும் பார்க்க முடிவதில்லை. வெட்கத்தால் உடம்பு கூசுகிறது. அதனால்தான் எதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். ரம்யா, ஆண்டிச்சாமி, வெற்றிசெல்வன் எல்லாம் உண்மைப் பெயர்கள்தான். என் பெயரையும் கடையின் பெயரையும் மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். பதினெட்டு வருடமாகச் சேர்த்த பெயர் அது.