விசில் குழாய்

— கத்தாதீங்க சார். இது வார்டு, உங்க பஸ் இல்ல.

— கத்தாம? மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்த புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்தவன் நான். நீங்க குடுத்த குழாய் தம்பிடிக்குப் பிரயோஜனமில்லன்னு சொன்னா, என்னையே மொறைக்கிறீங்களே சிஸ்டர்!

— பின்ன என்ன? தினமும் அந்தக் குழாய் வச்சு ஸ்ப்ரே மருந்தை ஒழுங்கா குடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. மறந்துட்டீங்க. அதைச் சொல்லுங்க.

— மறந்தேனா? வாயை அளந்து பேசுங்க. இவ அம்மா விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவா. நான்தான் குளிப்பாட்டி, தலை பின்னி, மருந்து குடுத்து, ஸ்கூல்ல விட்டுட்டு டூட்டிக்கு ஓடறேன். ஒரு நாள் தவறினதில்ல. மருந்து டப்பாவைக் குலுக்கிப் பாருங்க, தீரப் போகுது.

— காத்துல அடிச்சாலும்தான் தீரும்.

— காத்துல அடிக்க எனக்கென்ன கிறுக்கா? ஒவ்வொரு தடவையும் விசில் வந்துச்சு!

— என்ன வந்துச்சு?

— விசில்! குழாய்ல வச்சிருக்காங்கல்ல? பாப்பா இழுத்தா 'கீ'ன்னு கேக்கும். கேட்டாதான் விடுவேன். கேக்கலன்னா, "இன்னும் பலமா இழுடி"ன்னு ஒரு அதட்டு. மறுபடியும் இழுக்கணும்.

— அடக் கடவுளே! விசில் கேக்கற வரைக்குமா?

— விசில் வந்தாதானே வண்டி நகரும்? கண்டக்டருக்கே விசில் பாடம் எடுக்க வந்துட்டாங்க!

— உங்க பஸ்ல ஒத்தை விசில் அடிச்சா என்ன அர்த்தம்?

— நிறுத்துன்னு அர்த்தம். அதுக்கென்ன இப்போ?

— இதுவும் அந்த விசில்தான் சார். ரொம்ப வேகமா இழுக்கறா, நிறுத்துன்னு சொல்லுது. வேகமா இழுத்தா மருந்து தொண்டையிலயே அப்பிக்கும். நெஞ்சுக்குப் போகாது. சத்தமே வராம மெதுவா இழுக்கணும்.

— புருடா விடாதீங்க.

— இதுல புருடா விட்டு எனக்கென்ன கிடைக்கப் போகுது?

— அப்போ அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! குழாயைக் கையில திணிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டீங்களே!

— சொல்லியிருக்கணும். எங்க தப்புதான். அன்னிக்கு ஒரே கூட்டம்.

— கூட்டமாம் கூட்டம்! எங்க பஸ்ல இல்லாத கூட்டமா? படிக்கட்டுல தொங்கறவன உள்ள ஏத்தாம ஒரு நாள் விசில் அடிச்சிருப்பேனா நான்? உங்க அவசரத்துக்கு எம் பொண்ணுதான் கிடைச்சாளா?

— திட்டுங்க, அப்புறம் நின்னு வாங்கிக்கறேன். இப்போ அடுத்த வேளை மருந்து குடுக்கணும். நீங்களே டப்பாவைப் பிடிங்க. பாப்பா, எழுந்து உக்காரு கண்ணு. குழாயை வாயில வச்சுக்கோ. அப்பா அமுக்குவார். ம், அமுக்குங்க. மெதுவா இழு... இன்னும் மெதுவா... அப்படியே மூச்சைப் பிடிச்சுக்கோ... இப்ப விடு.

— என்ன சிஸ்டர், ஒண்ணுமே கேக்கல?

— கேக்கலல்ல? இப்பதான் சார் மருந்து உள்ள போயிருக்கு.

— அப்பா... விசில் வரலப்பா. திட்டாதப்பா, இன்னும் பலமா இழுக்கறேன்.