தலைவர் காதுக்குள் போன பந்து

“பந்து தலைவர் காதுக்குள்ள போச்சு ரஃபி. அப்புறம் வெளியவே வரல.”

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயிலில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த வாத்தியார் சொன்னார். பக்கத்தில் தோளில் கேபிள் சுருளோடு இருந்த ரஃபிதான் அவர் தெருவுக்கே கேபிள் கனெக்‌ஷன் கொடுப்பவர். நேற்று மேட்சின் கடைசி ஓவரில், கட்சித் தலைவர் படத்தோடு திரையில் பிறந்தநாள் வாழ்த்து ஓடியிருக்கிறது.

“நான் இன்னா சார் பண்றது? ஆளுங்கட்சி வாழ்த்து போட்டா, எதிர்க்கட்சிக்காரங்க சண்டைக்கு வராங்க. அதான் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு போட்டேன்.”

“நடுவுல?”

“நடுவுல மேட்ச் ஓடிச்சே சார்.”

“பௌலரோட இடுப்புதான்யா ஓடிச்சு! எங்க தெருவுல ஏற்கெனவே ஆறு வீட்டுல உன் கேபிளை எடுத்துட்டு டிஷ் மாட்டிட்டாங்க, தெரியுமா?”

“ஒன்பது சார். வாழ்த்து குடுத்த ரெண்டு கட்சிக்காரங்க வூட்டையும் சேத்து.”

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். “உன் முகத்துக்காக நான் மட்டும்தான் மாத்தாம இருக்கேன். இன்னிக்கு பேப்பர் பாத்துதான் நாம ஜெயிச்சதே தெரியுது. அந்தக் கடைசிப் பந்து எங்கதான்யா போச்சு?”

“சிக்ஸ் சார்! லாங் ஆன் மேல, நேரா கேலரிக்கே பூட்ச்சு. இன்னா அடி!”

வாத்தியார் மெல்லத் திரும்பினார்.

“நீ எதுல பாத்த?”

வண்டலூர் வந்தது, போனது. ரஃபி சுருளை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“நம்ம வூட்ல டிஷ் கீது சார்.”