“நோயற்றவர்” என்று எழுதிய குப்பி

அவைக்குத் தலைமையேற்ற பேராசிரியர் பெருந்தகை அவர்களே, அகவை முதிர்ந்த ஆன்றோர்களே, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு மருத்துவமனை வாசலில் காத்திருந்து பழகிய தாய்மார்களே!

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரசிடம் ஒரு புரதம் உண்டு. அளவிலே அற்பம்; ஆட்டமோ அபாரம்! உறங்க வேண்டிய மரபணுவை உசுப்பும். உழைக்க வேண்டியதை உறங்க வைக்கும். சில நேரம் செல்லைக் கொல்லும். சில நேரம், கெட்ட செல்லைச் சாகவிடாமல் தடுக்கும். சாவைத் தடுப்பது நன்மைதானே என்கிறீர்களா? இல்லை ஐயா! பழுதான செல் தானே மடிவது உடம்பின் அறம். மடிய வேண்டியது மடியாமல் பெருகினால், அதற்குப் பெயர் புற்று!

பதினோரு ஆண்டுகள் இதை ஆராய்ந்தவன் நான். நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயற்ற ரத்தம் வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் குடுவை கழுவும் அக்கா கையை நீட்டுவார்.

“எடுத்துக்கோங்க சார். நான் ஒரு நாள் ஜுரம்னு படுத்ததில்ல.”

குப்பியில் “நோயற்றவர்” என்று எழுதினோம். அதிலும் வைரஸ் தெரிந்தது! சோதனை மருந்து கெட்டுவிட்டது என்றோம், மாற்றினோம், தெரிந்தது. கருவி கெட்டுவிட்டது என்றோம், துடைத்தோம், தெரிந்தது. “அக்கா, இன்னொரு தடவை ரத்தம் வேணும்” என்றோம். சிரித்துக்கொண்டே கொடுத்தார். எட்டு மாதம் எல்லாவற்றையும் சந்தேகித்த நாங்கள், குப்பியில் எழுதிய எங்கள் கையெழுத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இரண்டையும் நாங்களே செய்தோம்.

யாரம்மா பின்வரிசையில்? “அவங்க என்ன ஆனாங்க?” என்கிறீர்கள். சொல்கிறேன் தாயே. வயிற்றுவலி என்று மருத்துவமனைக்கு வந்தபோது ஈரலில் கட்டி முற்றியிருந்தது; சோதனை சரி, குப்பியில் எங்கள் எழுத்தே தவறு என்று அப்போதுதான் புரிந்தது. கட்டிலருகே நின்றேன்.

“என்ன சார், இத்தனை வருஷமா நீங்க தேடினது எங்கிட்டயே இருந்திருக்கே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

திட்டவில்லை; கேட்டார். பிறகு அவரே தொடர்ந்தார்.

“சரி விடுங்க. எம் பொண்ணுக்குப் பாத்துடுங்க.”

பார்த்தோம். மகளுக்கும் இருந்தது, ஈரல் இன்னும் கெடவில்லை. தினம் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டோம். அதைக் கிருமி அண்டவில்லை. அதைப் பார்க்க அக்கா இல்லை.

ஆய்வுத் தோழர்களே! குப்பியில் கண்டதை முதலில் எங்கே சொல்வீர்கள்? ஏட்டிலா? ஆய்விதழிலா? கை நீட்டியவரிடம் சொல்லுங்கள்! சந்தேகமா? சந்தேகத்தையும் சொல்லுங்கள்! தாய்மார்களே, உடம்பு தெம்பாக இருக்கிறதே என்று இராதீர்கள். ஒருமுறை ரத்தத்தைச் சோதியுங்கள்!

அந்த மகள் இதோ இந்த அவையில் இருக்கிறார். “மேடையிலயே சொல்லுங்க சார், நாலு பேருக்கு உதவட்டும்” என்றவரும் அவரே. பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. அவருக்கு மட்டும் நன்றி போதாது. மன்னிப்பும் கேட்டு, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்!