துரை பற்றிய அறிக்கையில் ஒரு திருத்தம்

உங்கள் அறிக்கையை இரண்டு முறை படித்தேன், இன்ஸ்பெக்டர். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். சாலையின் அகலம், வேன் நின்ற தூரம், அந்த நேரத்து வெளிச்சம் எல்லாம் சரியாக இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் வெளிச்சத்தை எழுத மறந்துவிடுவார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் தவறு. மூன்றாம் பக்கத்தில், விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "சரியான பயிற்சி இல்லாத வளர்ப்பு நாய்" என்று போட்டிருக்கிறீர்கள். அதைத் திருத்த வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். நீங்கள் தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும்.

நானும் அறிக்கை எழுதுகிறவன்தான். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பதினெட்டு வருடமாக இழப்பு மதிப்பிடும் வேலை. எரிந்த கிடங்கு, நனைந்த சரக்கு, மோதிய வண்டி என்று போய்ப் பார்த்து, சம்பந்தப்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கி, எது எப்படி நடந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் வெளியே சுற்றுவேன். மதியத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து எழுதுவேன். மதியத்தில் நான் வீட்டில் இருப்பேன் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி பல் செய்கிறவள். பல் வைத்தியர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் வேலை பார்த்த கூடத்தில் அதை வைத்து மெழுகில் வடித்து, ஈறின் நிறம் பார்த்து, பல் செட்டாக்கித் திருப்பி அனுப்புவார்கள். அவள் விரல் நுனியில் எப்போதும் மெழுகு வாசனை இருக்கும். மாலை ஆறரைக்கு வருவாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு, அன்றைக்குச் செய்த பற்களைப் பற்றிச் சொல்வாள். ஒருத்தர் தன் முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை அப்படியே வைத்துத் தரச் சொன்னாராம், அது இல்லாமல் சீட்டியடிக்க வரவில்லையாம். நான் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே கேட்பேன். பதினோரு வருடம் இப்படித்தான் போயிற்று. எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. பங்குக்கு ஆள் வரவில்லை என்ற நிம்மதிகூட உண்டு.

நாயைக் கொண்டுவந்து விட்டவர் அவளுடைய அண்ணன். மச்சானுக்குத் தெரிந்த பண்ணையில் குட்டிகள் மிஞ்சிப் போயிருந்தன. ஆட்டு மந்தையை வளைத்து ஓட்டுகிற இனம். நாள் முழுக்க வெட்டவெளியில் ஓட வேண்டிய பிராணியை மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீட்டில் இறக்கிவிட்டார். அது உள்ளே வந்ததும் அறைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. "வீட்டுக்குத் துரை வந்துட்டாருப்பா" என்றார் மச்சான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மேய்க்க ஆடு இல்லாததால் துரை ஆட்களை மேய்த்தது. மேல்மாடி அம்மாவைப் படிக்கட்டு மூலையில் மடக்கி, கால் மணி நேரம் அசையவிடாமல் நிறுத்தி வைத்தது. கடிக்கவில்லை, குரைக்கவில்லை, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். வந்த விருந்தாளிகளைச் சோபாவின் ஒரே கோடியில் நெருக்கி உட்கார வைத்தது. பிறகு சோபாவையே தின்றது. ஒரு நாள், அவசர வேலை என்று அவள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்த மேல்வரிசைப் பல் செட்டைக் கடித்து நொறுக்கிவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருடைய பல். இதோடு கதை முடிந்தது என்று நான் சமையலறை வாசலில் நின்று காத்திருந்தேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் வாய்க்குள் விரலை விட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"ஜட்ஜோட பல்லையே பிடுங்கிட்டியேடா. உன்னை எந்தக் கோர்ட்டுல நிறுத்துறது?"

அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது கல்யாணமான புதிதில். குடையை விரித்தபடியே நான் சாக்கடைக்குள் இறங்கிய அன்று.

இன்னொன்றையும் கவனித்தேன். அதைக் கூப்பிட "டா", என்னைக் கூப்பிட "ங்க". "என்னங்க, டீ ஆச்சுங்களா?" என்று என்னிடம் கேட்பாள். அதே மூச்சில் திரும்பி, "டேய், இங்க வாடா, என் தங்கம்" என்பாள். மரியாதை நல்ல விஷயம். பதினோரு வருடம் எனக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது, பக்கத்தில் இன்னொன்று காதில் விழாத வரைக்கும்.

ஆறரை மணிக்கு வருகிறவள் இப்போது செருப்பைக் கழற்றுவதில்லை. வாசலிலேயே நாய்ச் சங்கிலியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு நாள் இருபதடி விட்டுப் பின்னாலேயே நடந்துபோனேன். பற்களின் கதையை அவள் நாய்க்குச் சொல்லிக்கொண்டு போனாள். நன்றாகவே சொன்னாள். எனக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

நான் சண்டை போடவில்லை. இந்த வீடு இந்த நாய்க்குப் பொருந்தாது, அதற்கும் கஷ்டம், அக்கம்பக்கத்துக்கும் கஷ்டம் என்று நியாயமாக எடுத்துச் சொன்னேன். அவளும் நியாயமாகத்தான் கேட்டாள். ஆறு மாதம் கொடுக்கச் சொன்னாள். ஆறு மாதத்தில் கூப்பிட்டால் வருகிற அளவுக்காவது பழகவில்லை என்றால் அண்ணனிடமே திருப்பி விட்டுவிடலாம் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். தேதியை நாட்காட்டியில் குறித்தேன்.

பயிற்சியாளர் ஒருவர் சனிக்கிழமைதோறும் வந்தார். காவல் நாய்களோடு இருபது வருடம் இருந்தவர், பருத்த மனிதர், குறைவாகப் பேசுவார். அவரிடம் சின்னத் தகரக் கருவி ஒன்று இருந்தது. விரலால் அழுத்தினால் 'டிக்' என்று கேட்கும். நாய் சொன்னதைச் செய்த அந்த நொடியே டிக், பிறகு ஒரு துண்டு உலர்ந்த இறைச்சி. ஒரு நொடி தவறினாலும் நாய்க்கு எதற்காகப் பாராட்டு என்று புரியாதாம். "சத்தம்தாம்மா சம்பளம். கறி சும்மா போனஸ்" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவதுபோல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். என் பேனாவும் அதே மாதிரி சத்தம் போடும். அலுவலகத்தில் பரிசாகக் கொடுத்த எஃகுப் பேனா. உங்கள் பேனா சத்தம் கொஞ்சம் மந்தம், பரவாயில்லை.

அவள் காலையிலும் மாலையிலும் "வா" என்றால் வரச் சொல்லிக்கொடுத்தாள். மதியம் நான் சொல்லிக்கொடுத்தேன். அவள் "துரை, வாடா" என்று கூப்பிடுவதை அவளுக்குத் தெரியாமல் செல்போனில் பதிவு செய்திருந்தேன். படுக்கையறையில் அந்தக் குரலை ஓடவிட்டு, முன்னறையில் நின்று பேனாவை அழுத்துவேன். குரல் இருக்கும் பக்கம் போனால் ஒன்றும் கிடையாது. குரலுக்கு முதுகைக் காட்டிப் பேனாவிடம் வந்து உட்கார்ந்தால் இறைச்சி. பயிற்சிக்குத் தேவையானதைவிட அதிக நேரம் அந்தக் குரலை ஓடவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வாடா, வாடா என் தங்கம்."

ஒரு முறை அழுத்தினால் எங்கிருந்தாலும் என்னிடம் வர வேண்டும். இரண்டு முறை அழுத்தினால் வந்த வழியே திரும்பி ஓட வேண்டும். மாலையில் அவளுடைய சாவிச் சத்தம் கேட்டதும் என் காலடியிலிருந்து அனுப்புவதற்கு இந்த இரண்டாவது வேண்டியிருந்தது. மூன்றே வாரத்தில் துரை பிசகாமல் கற்றுக்கொண்டான். என் கட்டைவிரல் பேனாவின் தலைக்குப் போகுமுன்பே காதை நிமிர்த்திவிடுவான். என் முகத்தை அவ்வளவு கவனமாக அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. எனக்கு நாயைப் பிடிக்காது, அது வேறு விஷயம்.

மாலையில் பூங்காவில் அவள் கூப்பிட, அவன் எதிர்த்திசையில் ஓடுவான். ஊர் சிரிக்கும். அவள் சலித்துப்போவாள் என்று நினைத்தேன். கணிப்பில் எனக்கு அடிக்கடி தவறு வராது. ஆனால் அவன் எவ்வளவு ஓடினானோ அவ்வளவு அவள் அவனோடு ஒட்டிக்கொண்டாள். புத்தகம் வாங்கிப் படித்தாள். அரை நாள் விடுப்பு எடுத்துப் புல்தரையில் உட்கார்ந்து தொண்டை கம்மக் கூப்பிட்டாள். சொன்ன பேச்சைத் தட்டாமல் பதினோரு வருடம் இருந்தவனுக்காக அவள் ஒரு நாளும் அரை நாள் விடுப்பு எடுத்ததில்லை.

ஐந்தாம் மாதம் பயிற்சியாளர் தன் பணத்தை வாங்க மறுத்துவிட்டார். கருவியைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"இது மக்கு நாய் இல்லம்மா. பயிற்சி இல்லாத நாயும் இல்ல. வேற யாரோ பேச்சைக் கேட்டுப் பழகியிருக்கு."

"வீட்டுல நாங்க ரெண்டே பேர் சார். இவருக்கு நாய்னாலே ஆகாது" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். பேனா அங்கேதான் இருந்தது. அதற்குக் கீழே இறைச்சித் துண்டுகளும் இருந்தன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நீங்கள் அவரை விசாரிக்காதது அறிக்கையின் இன்னொரு குறை, ஆனால் சிறியது.

ஆறு மாதம் ஒரு சனிக்கிழமை முடிந்தது. காலைச் சாப்பாட்டின்போது நாட்காட்டியைக் காட்டினேன். அவள் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தெரியுங்க. உங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணேன்தான். ஆனா என்னால முடியாதுங்க." பிறகு, "நீங்க வேணும்னா கொஞ்ச நாள் உங்க அக்கா வீட்டுல இருந்துட்டு வாங்களேன். அங்க சத்தமில்லாம இருக்கும். உங்களுக்கும் எழுத வசதி" என்றாள்.

அக்கறையோடுதான் சொன்னாள். என் தட்டில் இன்னொரு ரொட்டித் துண்டையும் வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூங்காவுக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம், பத்திரிகைக் கடை இருக்கிறது. ஞாயிறு காலை நான் அங்கே போவது வழக்கம். அவள் அந்தப் பக்கம், வேலி ஓரமாக, சங்கிலியை அவிழ்த்துவிட்டு "வா" சொல்லிப் பழக்கிக்கொண்டிருந்தாள். சாலை காலியாக இருந்தது. "வாடா" என்று அவள் கூப்பிட்டாள். நான் பேனாவை ஒரு முறை அழுத்தினேன். துரை அவளுக்கு முதுகைக் காட்டி, சாலையைக் கடந்து வந்து, என் காலடியில் உட்கார்ந்தான்.

அவள் பதறி நடைபாதைக்கு ஓடி வந்தாள். அவன் பத்திரமாக இருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்னங்க, உங்க பக்கத்துல எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கான் பாருங்க. பிடிச்சுக்கோங்க, வரேன்."

அந்த இடத்துக்கு இடது கைப்பக்கம் வளைவு இருக்கிறது. அந்த வளைவில் நடந்த மூன்று விபத்துகளுக்கு நான் அறிக்கை எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரித் துணிகளை ஏற்றிக்கொண்டு வரும் சலவை வேன் காலை ஆறு நாற்பதுக்கு அதில் திரும்பும். என்ன வேகத்தில் திரும்பும், பிரேக் போட்டால் எத்தனை அடியில் நிற்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வேன் ஓட்டுநர்மேல் தவறு இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

அவளும் வேனின் சத்தத்தைக் கேட்டாள். நடைபாதை ஓரத்திலேயே நின்றுவிட்டாள். வேன் போகட்டும், பிறகு வருகிறேன் என்று எனக்குக் கையைக் காட்டினாள். சாலை விஷயத்தில் அவள் எப்போதும் நிதானம்தான். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அது உறுதியாகத் தெரியாது, ஆகவே எழுத வேண்டாம். நாயின் கழுத்துப் பட்டை என் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நிதானமான ஒருத்தி யாருக்காக ஓடுவாள் என்பது.

பேனாவை இரண்டு முறை அழுத்தினேன். துரை அந்த நொடியே எழுந்து வந்த வழியில் ஓடினான். தயங்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. இதைத்தான் நீங்கள் பயிற்சி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மந்தையோடு ஓடுகிற இனம், வேகத்தை நன்றாக அளக்கும். வேனுக்கு முன்னால் ஒரு கையளவு இடைவெளியில் கடந்து போய்விட்டான். அவனுக்குக் கீறல்கூட இல்லை. அவன் கடந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியாது. அவள் ஓடினாள்.

அவன் இப்போது உங்கள் நாய்க் காப்பகத்தில் இருக்கிறானாம், யார் சொல்வதையும் கேட்பதில்லையாம். என்னை ஐந்து நிமிடம் அவனிடம் விடுங்கள். உங்கள் பேனாவே போதும். பார்த்துவிட்டு, மூன்றாம் பக்கத்து வரியை நீங்களே அடித்துவிடுவீர்கள். காரணம் என்ற இடத்தில் என்னைப் பற்றி எழுதுங்கள். தெரிந்தே செய்தேன். பொறாமை என்று மட்டும் போட வேண்டாம். ஒரு நாயின்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

அவள் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் நர்ஸ் என்னைத் தேடி வந்தார்.

"துரை, துரைன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க சார். நீங்கதானே?"

ஆமாம் என்றேன். உள்ளே போய் அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டேன். விரலில் மெழுகு வாசனை இன்னும் இருந்தது. "வாடா" என்றாள். பதினோரு வருடத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நர்ஸ் சாட்சி. கடைசியில் அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.