ஏழாம் குடிலில் புதுச் சோப்பு

தேநீருக்கு நன்றி சார். உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் குடித்து எத்தனையோ நாளாகிவிட்டது.

அந்தத் தீவு விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் கை பட்ட அறையை யாரும் குறை சொன்னதில்லை, ஏழாம் குடிலில் இருந்த அம்மாவைத் தவிர. வருஷக்கணக்கில் அங்கேயே தங்கியிருந்தவர். தலையணை உயரம் என்பார், திரைச்சீலை கோணல் என்பார், மணியை அடித்துக்கொண்டே இருப்பார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வேறு ஆள் வந்தால் உள்ளே விடமாட்டார், அதுதான் தொல்லை.

என் மகளுக்குத் தலைப்பிரசவம். கூட இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மேனேஜரும் லீவுக்குத் தலையாட்டியிருந்தார். அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னார், லீவு ரத்து. "உன் பொண்ணு என்ன ஊர் உலகத்துல இல்லாத பிள்ளையா பெறப் போறா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல என் தோளைப் பிடித்துக்கொண்டு படகுத்துறையில் நடந்தார். நுனிக்குப் போனதும் நான் சற்று விலகிக்கொண்டேன். லேசாகத் தள்ளியதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நீச்சல் தெரியாது. மணிச்சத்தம் இல்லாததால் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஆளைக் காணோம் என்று சொன்னதும் நான்தான். அதற்கு முன் அறையைச் சுத்தம் செய்ததுதான் வினையாகிவிட்டது. ஆள் தங்கியிருக்கும்வரை கரைந்த சோப்பைத் தொடமாட்டோம்; காலி செய்துகொண்டு போன பிறகுதான் புதுசு வைப்போம். என் கை தன் பாட்டுக்குப் புதுசை வைத்துவிட்டது. உடல் கரை ஒதுங்கியபோது, கால் தவறி விழுந்துவிட்டார் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

மேனேஜரின் அக்கா மகள் மட்டும் அப்படி முடிவு கட்டவில்லை. விடுமுறைக்கு வந்த பள்ளிக்கூடப் பெண். காணாமல்போன தோடு, செருப்பு எல்லாம் தேடிக் கொடுப்பாள். சிஐடி என்றே கூப்பிடுவோம். பொழுது போகாமல் என்னோடு படுக்கை விரிக்க வருவாள். சோப்பு விஷயம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஏழாம் குடிலில் புதுசு இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

துணி வெளுக்கும் அறைக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, அந்தம்மா திரும்பி வரமாட்டாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மாமாவிடம் சொன்னாயா என்றேன்.

"உங்ககிட்ட கேக்காம எப்படிச் சொல்றது? நீங்க ஏதாவது காரணம் வெச்சிருப்பீங்க."

அவ்வளவு நல்ல பெண். காட்டுகிறேன் வா என்று மீன் வைக்கும் குளிர் அறைக்கு அழைத்துப்போனேன். அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. நாங்கள் ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் நுழைவோம். நான் பெட்டியை நகர்த்தினேன், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பிறகு வந்து துண்டுகளை மடித்தேன். கொஞ்ச நேரம் தட்டினாள். அப்புறம் தட்டவில்லை.

சமையல்காரர் ஐஸ் எடுக்கப் போகாவிட்டால் நாம் இப்படிப் பேசிக்கொண்டிருக்கமாட்டோம். பிழைத்துவிட்டாளாமே, நல்லது. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டும் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறானாம். பிள்ளையை நான் தொடவே கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். பிரசவ அசதியில் அப்படித்தான் பேசுவார்கள். இங்கே முடிந்ததும் சொல்லுங்கள் சார், நேரே அவளிடம் போகவேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்ட அவளுக்குத் தெரியாது.